இன்னும் ஒரு ராடு

மார்ச் 3, செவ்வாய்

பைப்பில் இன்றும் தண்ணீர் வரவில்லை. ஒன்பதாவது நாள். குழாயைத் திறந்தால் கொர்ரென்று காற்று வருகிறது. மூடினால் ஒரு ஏப்பம் விடுகிறது. நகராட்சிக்குப் போன் செய்தால் "பார்க்கிறோம்மா" என்கிறார்கள். என்னத்தைப் பார்க்கிறார்களோ.

பிரசவ ஆஸ்பத்திரியிலிருந்து இரண்டு மூட்டை விரிப்பு வந்து கிடக்கிறது. ரத்தம் பட்ட துணியை முதலில் பச்சைத் தண்ணீரில் அலச வேண்டும். நேராக வெந்நீரில் போட்டால் கறை உட்கார்ந்துவிடும், அப்புறம் அது துணியோடுதான் போகும். மூன்று அலசல். பிறகுதான் மெஷின். மெஷினுக்குள் இன்னும் நான்கு முறை. சலவைக்கடை வைத்திருக்கிறேன் என்று பெயர், நிஜத்தில் நான் நடத்துவது தண்ணீரை வாங்கி அழுக்காக்கி வெளியே விடுகிற வேலை.

நாத்தனார் சுவருக்கு மேலாக ஹோஸைப் போட்டுக் கொடுத்தாள். காலையில் இரண்டு மணி நேரம் அவள் கிணற்றிலிருந்து. அவளும் செடிக்கடை வைத்திருக்கிறவள், கறுப்புப் பையில் ஆயிரம் கன்று நிற்கிறது, அத்தனைக்கும் தண்ணீர் விட வேண்டும். வேண்டாம் என்று நான் சும்மா ஒரு தரம் சொல்லிப் பார்த்தேன். "எடுத்துக்கங்க அண்ணி. தண்ணி என்ன, என் பீரோவுலயா பூட்டி வெச்சிருக்கேன்?" என்றாள்.

இந்த வீட்டைப் பாகம் பிரித்தபோது கிணறு அவள் பக்கம் போனது. கிணற்றில் பாதி உரிமை எழுதிக்கொள்ளுங்கள் என்று பத்திரம் எழுதுகிறவர் சொன்னார். "வாசல்ல பைப்பு இருக்கும்போது கிணறு எதுக்கு?" என்று என் வீட்டுக்காரர் சொல்லிவிட்டதாகத்தான் எல்லோரிடமும் சொல்லி வருகிறேன். இங்கே எதற்குப் பொய்? சொன்னது நான். அவர் போய் எட்டு வருஷம் ஆகிறது, எழுந்து வந்து இல்லை என்றா சொல்லப் போகிறார்.

மார்ச் 5, வியாழன்

டேங்கர் தண்ணீர் வாங்கினேன். மஞ்சள். விரிப்பெல்லாம் பழைய பல் நிறத்துக்கு வந்துவிட்டது. சோப்பு நுரைக்கவே இல்லை.

மார்ச் 6, வெள்ளி

ஆஸ்பத்திரியின் ஸ்டோர் அம்மா மூட்டையைத் திருப்பி அனுப்பிவிட்டாள். நான் நேரில் போய் நின்றேன். கோபப்படவில்லை அவள், அதுதான் பயமாக இருந்தது. ஒரு தாளைக் கொடுத்தாள். ஏப்ரல் பத்தாம் தேதிக்குள் புது ஒப்பந்தம் போட வேண்டுமாம். அதில் நான்காவது கேள்வி: சொந்தமாக நீர் வசதி உள்ளதா?

"இருக்குன்னா தொடர்ந்து உங்களுக்கே. இல்லைன்னா எனக்கு வேற வழியில்லைம்மா. குழந்தை பெத்தவங்களை மஞ்சள் துணியில படுக்க வைக்க முடியாது."

நியாயம்தான். என் கடையில் முக்கால் வேலை அந்த ஆஸ்பத்திரிதான். அது போனால் கடை போயிற்று. திரும்பி வந்து மடிப்பிடம் சொன்னேன். மடிப்பு என்றால் என்னிடம் பதினாறு வருஷமாக இஸ்திரி போடுகிறவர். பஸ் டிக்கெட்டைக்கூட நான்காக மடித்து விரலால் நீவித்தான் பையில் வைப்பார், அதனால் வந்த பெயர். கேட்டுவிட்டு, "அப்ப போர் போட்டுட வேண்டியதுதானே?" என்றார். ஏதோ பொட்டலம் வாங்கி வருகிற மாதிரி.

மார்ச் 9, திங்கள்

போர் போடுகிறவர்களைத் தேடி இன்று ஏழு போன். மூவர் எடுக்கவில்லை. ஒருவர் மூன்று மாதம் கழித்துக் கூப்பிடச் சொன்னார். மற்றவர்கள் எல்லோரும் எடுத்த எடுப்பில் ஒரே கேள்வி: "எத்தனை அடி?"

"தண்ணி வர்ற வரைக்கும்."

"அப்படியெல்லாம் முடியாதும்மா. அடி சொல்லுங்க. ஐந்நூறா, ஆயிரமா?"

"என் வீட்டுக்குக் கீழ என்ன இருக்குன்னு எனக்கு எப்படிங்க தெரியும்?"

"எங்களுக்கு மட்டும் தெரியுமா?"

துணிக்கடைக்காரன்கூட என்ன தைக்கப் போகிறீர்கள் என்று கேட்டுவிட்டுத்தான் கிழிப்பான்.

மார்ச் 11, புதன்

இன்று நீரோட்டம் பார்க்கிற கம்பிக்காரர் வந்தார். இரண்டு செம்புக் கம்பியைக் கையில் பிடித்துக்கொண்டு வீட்டைச் சுற்றி நடந்தார். கம்பி இரண்டும் சமையலறை வாசலில் ஒட்டிக்கொண்டன. "அடுப்புக்கு நேர் கீழ ஆறு மாதிரி ஓடுது. அடுப்படியை இடிச்சிட்டு அங்க போடுங்க" என்றார். மடிப்பு எனக்குப் பின்னால் நின்று சிரிப்பை அடக்கிக்கொண்டு இருமினார். நான் சிரிக்கவில்லை. ஒரு நிமிஷம் நிஜமாகவே அடுப்படியை இடிப்பது பற்றி யோசித்தேன். அந்த நிலைமைக்கு வந்துவிட்டேன்.

மார்ச் 14, சனி

கடைசியில் ஒரு மனிதன் கிடைத்தான். நான்கு தெரு தள்ளி போர் வண்டி ஓடிக்கொண்டிருந்தது. சத்தம் கேட்டுப் போனேன். தலை, புருவம், சட்டை எல்லாம் சாம்பல் நிறத்தில் ஒருவர் நின்றார். ஆட்கள் அவரைத் தூசி என்றே கூப்பிடுகிறார்கள், அவரும் திரும்பிப் பார்க்கிறார். பதினெட்டு வருஷமாக இதே வேலை.

ஒரு பிளாஸ்டிக் விரிப்பில் கல்தூளைச் சின்னச் சின்னக் குவியலாக வரிசையில் வைத்திருந்தார். குழிக்குள் ஒன்றன் மேல் ஒன்றாக மாட்டி இறக்குகிற இரும்புத் தண்டுதான் ராடு, ஒன்று இருபது அடி. ஒவ்வொரு ராடு இறங்கியதும் மேலே வருகிற தூளில் ஒரு கைப்பிடி. முதல் குவியல் சிவப்பு, அடுத்தது மஞ்சள், பிறகு பழுப்பு, அப்புறம் சாம்பல், கடைசி நான்கும் கறுப்பு. "இதாங்க்கா நிலம். மேலேர்ந்து படிச்சுட்டே வரணும்" என்றார். ஒரு நோட்டும் வைத்திருக்கிறார். போட்ட ஒவ்வொரு போரும் அதில் இருக்கிறது. எங்கள் தெருவில் ஆறு போட்டாராம். நான்கு புஸ்.

"உங்களுக்கு நான் போடுறேன். ஆனா முதல்ல இடத்தைப் பார்க்கச் சொல்லுங்க. கல்லு படிச்ச பொண்ணு ஒண்ணு இருக்கு. அது சொன்ன இடத்துல, அது சொன்ன அடி. அதான் எனக்கும் நல்லது, உங்களுக்கும் நல்லது."

திங்களன்று போனில் பேசியவர்களில் ஒருவர்கூட இதைச் சொல்லவில்லை. அவரைக் கையெடுத்துக் கும்பிடலாம் போல இருந்தது, தூசி பறக்குமே என்று விட்டுவிட்டேன்.

மார்ச் 17, செவ்வாய்

கல் படித்த பெண் வந்தாள். என் மகள் வயது இருக்கும், எனக்கு மகள் இருந்திருந்தால். நான்கு இரும்பு முளைகளை வரிசையாக மண்ணில் அடித்து, ஒயர் மாட்டி, ஒரு பெட்டியில் எண்களைப் பார்த்து எழுதினாள். முளைகளைத் தள்ளித் தள்ளி அடித்தாள். தள்ளத் தள்ள இன்னும் ஆழமாகத் தெரியுமாம். நாத்தனார் செடிகளுக்கு நடுவிலும் இரண்டு முளை போனது. நாத்தனார் பின்னாலேயே ஓடி, "அந்தக் கன்னு மேல மிதிக்காதம்மா, அது இப்பதான் பொழச்சு வருது" என்று கத்திக்கொண்டிருந்தாள்.

ஐம்பத்திரண்டு வயது வரை நான் என்ன நினைத்துக்கொண்டிருந்தேன் என்றால், வாளி மாதிரி. அடியில்தான் தண்ணீர் நிற்கும், போகப் போகக் கிடைக்கும். அந்தப் பெண் தலையை ஆட்டினாள். மேலே மண். அதற்குக் கீழே தொண்ணூறு அடி வரை மக்கிப்போன கல், ஊறிய ரொட்டி மாதிரி. மழைத் தண்ணீர் அதில்தான் தங்குகிறது. அதற்கும் கீழே முழுப் பாறை. பாறைக்குள் ஆறும் கிடையாது, குளமும் கிடையாது. வெடிப்பு இருந்தால் அதில் கொஞ்சம் இருக்கும், அவ்வளவுதான்.

"நூத்தி நாப்பது அடிக்கிட்ட ஒரு வெடிப்பு தெரியுது ஆன்ட்டி. அதுவரைக்கும் போங்க. நூத்தைம்பதைத் தாண்டாதீங்க."

"தாண்டினா?"

"கல்லுதான். ரொம்பக் கீழ வெடிப்பு இருந்தாலும் காலியாதான் இருக்கும். பள்ளத்துல டேங்கர்காரங்க ஆயிரம் அடி போட்டு எல்லாத்தையும் உறிஞ்சிட்டாங்க."

அந்த டேங்கரில்தான் நானும் வாங்கினேன். சொல்லவில்லை.

"எங்க போர் தண்ணியும் நாத்தனார் கிணத்துத் தண்ணியும் வேற வேறயா?" என்று கேட்டேன்.

"ரெண்டு பேரும் ஒரே தட்டுல சாப்பிடுற மாதிரி. அளவா எடுத்தா ரெண்டு பேருக்கும் வரும்."

தாளில் 150 என்று எழுதி இரண்டு கோடு போட்டுக் கொடுத்தாள்.

மார்ச் 20, வெள்ளி

நாத்தனார் கிணறு ஒரு முழம் இறங்கியிருக்கிறது. நான் எடுப்பதால்தான். அவள் சொல்லவில்லை, நான் எட்டிப் பார்த்தேன், படியில் ஈரக்கோடு தெரிந்தது. "போர் வந்துட்டா உங்களுக்கும் நிம்மதி, எனக்கும் நிம்மதி" என்றாள். அவளுக்காகவாவது இது சீக்கிரம் முடிய வேண்டும்.

மார்ச் 24, செவ்வாய்

போர் போட்டாயிற்று. தண்ணீர் வந்தது. போய்விட்டது.

மார்ச் 25, புதன்

எழுத முடியவில்லை.

மார்ச் 26, வியாழன்

எழுதித்தான் ஆக வேண்டும். யாரிடமும் சொல்ல முடியாது என்றால் இதிலாவது.

செவ்வாய் காலை எட்டு மணிக்கு வண்டி வந்தது. தெருவே வேடிக்கை பார்த்தது. நாத்தனார் செடிகளின் மேல் என் பழைய விரிப்புகளைப் போர்த்திவிட்டு, சுவருக்கு அந்தப் பக்கம் ஸ்டூல் போட்டு ஏறி நின்றுகொண்டாள். நாற்பது அடி வரை இரும்புக் குழாய் இறக்கினார்கள், மண் சரியாமல் இருக்க. எழுபதில் தூள் ஈரமாக வந்தது. தொண்ணூறில் சேறு. நூற்று நாற்பதில், சொன்ன இடத்தில், சொன்ன மாதிரி, ஒரு பீய்ச்சு. வெள்ளையாக, நுரையாக, என் முகத்தில் அடித்தது. நாத்தனார் கை தட்டினாள். மடிப்பு சட்டையோடு நனைந்துகொண்டு நின்றார். தூசி பலகையை வைத்து அளந்து பார்த்து, "ஒரு இஞ்ச் தண்ணிக்கா. நல்ல தண்ணி. வாயில ஊத்திப் பாருங்க" என்றார். இனிப்பாக இருந்தது. எட்டாவது ராடு பாதி இறங்கி நூற்றைம்பது ஆனதும் நிறுத்தச் சொல்லி ஆட்களுக்குக் கை காட்டினார்.

நான்தான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை.

ஒரு இஞ்ச் என்றால் ஒரு மெஷின் ஓடும். எனக்கு இரண்டு மெஷின். பின் தெருவில் லாட்ஜ்காரருக்கு மூன்று இஞ்ச் வந்ததாக யாரோ கூட்டத்தில் சொன்னார்கள். எனக்கு ஏன் வராது? வண்டி வந்தது வந்தாயிற்று, திரும்ப எப்போது கிடைக்கும்? இதுவரை அந்தப் பெண் சொன்னது எல்லாம் சரியாகத்தான் நடந்தது. அந்த நம்பிக்கையில் அவள் சொன்ன கடைசி வார்த்தையை மட்டும் நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

"இன்னும் ஒரு ராடு போடுங்க" என்றேன்.

"அக்கா, கீழ கறுப்பா வருது. போதும்க்கா."

நாத்தனார்கூடச் சொன்னாள்: "வந்துடுச்சே அண்ணி, போதாதா?"

"ஒண்ணே ஒண்ணு."

தூசி நோட்டை நீட்டினார். சொன்ன அடியைத் தாண்டினால் வீட்டுக்காரர் கையெழுத்துப் போட வேண்டும், ராடுக்கு ஒன்று. அது அவர் தொழில் வழக்கம். போட்டேன். கறுப்பு. அடுத்ததுக்கும் போட்டேன். கறுப்பு. இவ்வளவு தூரம் வந்துவிட்டு வெறும் கையோடு எப்படி நிறுத்துவது என்று அதற்கு அடுத்தது. ஏழாவது கையெழுத்துக்கு மேல் தூசி பேசுவதை நிறுத்திவிட்டார். நோட்டை நீட்டுவார், நான் போடுவேன். பதின்மூன்று கையெழுத்து. நானூறு அடிக்கு மேல்.

இருபத்தொன்றாவது ராடு பாதியில் சடாரென்று அரை அடி விழுந்தது. சத்தம் மாறிவிட்டது. அதுவரை குழியிலிருந்து பீய்ச்சிக்கொண்டிருந்த காற்றும் தூளும் தண்ணீரும் ஒரே நொடியில் நின்றன. தூசி ஓடிப்போய் என்ஜினை அணைத்தார். அவர் முகத்தில் ஈயாடவில்லை.

"காலி வெடிப்புக்கா. காத்து எல்லாம் அதுக்குள்ள போயிடுச்சு."

"தண்ணி?"

ஒரு மணி நேரம் காத்திருந்து கயிற்றில் கல் கட்டி இறக்கினார். அடி வரை போயும் கல் தண்ணீரில் தட்டவில்லை.

மார்ச் 30, திங்கள்

போர் போட்ட ஆறு நாளில் நாத்தனார் கிணறு ஆறு அடி இறங்கிவிட்டது. காலையில் ஹோஸில் சேறு வந்தது. நானே எடுத்துச் சுருட்டிச் சுவர் மேல் வைத்துவிட்டேன்.

"வெயில் அண்ணி. இந்த வருஷம் மோசம்" என்றாள்.

நான் ஆமாம் என்று தலையாட்டினேன். தலை, அதுபாட்டுக்கு ஆடியது.

ஏப்ரல் 2, வியாழன்

கல் படித்த பெண் வந்தாள். தூசிதான் சொல்லியிருக்கிறார். கண்ணாடியைச் சாய்த்து வெயிலைக் குழிக்குள் இறக்கிப் பார்த்தாள். பிறகு முழங்கால் போட்டு, குழாய் வாயில் காதை வைத்தாள். ரொம்ப நேரம் அப்படியே இருந்தாள். எழுந்து, "நீங்க கேளுங்க ஆன்ட்டி" என்றாள்.

கேட்டேன். எங்கோ கீழே தண்ணீர் விழுந்துகொண்டிருக்கிறது. சொட்டு இல்லை, ஒழுகல் இல்லை. சரசரவென்று, நிற்காமல். 

மேலே மக்கிய கல்லில் நின்ற தண்ணீர் எல்லாம் என் குழி வழியாக அந்தக் காலி வெடிப்புக்குப் போகிறது. தட்டில் ஓட்டை. அவள் என்னைத் திட்டவில்லை. "நூத்தைம்பதுன்னு எழுதிக் குடுத்தேனே" என்று மட்டும் கேட்டாள். கேட்டவளின் கண் கலங்கியிருந்தது. எனக்குக் கலங்கவில்லை. எனக்கு அந்தச் சத்தம்தான் கேட்டுக்கொண்டிருந்தது.

"பக்கத்துக் கிணறு?"

"அதுவும்தான்."

அவள் போன பிறகு குழாயின் வாயைக் கோணிப்பையால் கட்டினேன். சத்தம் கேட்கிறது. கேட்காது என்று தெரியும். கேட்கிறது.

ஏப்ரல் 4, சனி

நாத்தனார் கன்றுகளைச் சும்மா கொடுக்கிறாள். தெருவில் போகிற வருகிற எல்லோரையும் கூப்பிட்டு, "உங்க வீட்ல தண்ணி வருதா? வந்தா எடுத்துட்டுப் போங்க, நாலு நாளாவது உயிரோட இருக்கட்டும்." வண்டி வைத்துப் பள்ளிக்கூடத்துக்கு ஐம்பது அனுப்பினாள். லாரியோடு எங்கோ இருக்கிற புருஷனுக்குப் போன் போட்டு அழுதாள், சுவருக்கு இந்தப் பக்கம் கேட்டது. அழுகையில்கூட என்னைப் பற்றி நல்லதாகத்தான் சொல்கிறாள். "பாவம் அண்ணியும் போர் போட்டுத் தோத்துட்டாங்க."

நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம்.

ஏப்ரல் 7, செவ்வாய்

சொல்லிவிடலாம் என்று போனேன். டீ கொடுத்தாள். இருந்த கடைசிக் குடத்துத் தண்ணீரில் போட்டது. குடித்துவிட்டு வந்துவிட்டேன். நான் மனுஷிதானா?

ஏப்ரல் 9, வியாழன்

சொல்லிவிட்டேன்.

காய்ந்த பைகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். நின்றபடியே சொன்னேன். மக்கிய கல், வெடிப்பு, ஓட்டை என்று அந்தப் பெண் எனக்குச் சொன்னதை அப்படியே ஒப்பித்தேன். என்னமோ பாடம் நடத்துகிற மாதிரி. நடுவில் நிறுத்தத் தெரியவில்லை. அவள் அடுக்குவதை நிறுத்தவில்லை.

"அந்தப் பொண்ணு எவ்வளவு சொன்னுச்சு?"

"நூத்தைம்பது."

"தெரிஞ்சேதான் போட்டீங்களா?"

"இன்னும் கொஞ்சம் வரும்னு…"

"நான் போதும்னேன்."

"ஆமா."

"பதினாறு நாளா நான் வெயிலைத் திட்டிட்டு இருந்தேன். நீங்களும் கூட நின்னு தலையாட்டுனீங்க."

அவ்வளவுதான். கையிலிருந்த பையைக் கீழே வைத்தாள். உள்ளே போய் என் பக்கத்து ஜன்னலைச் சாத்தினாள். கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்து இருபத்தேழு வருஷம். அந்த ஜன்னல் சாத்தி நான் பார்த்ததே இல்லை.

ஏப்ரல் 10, வெள்ளி

நான்காவது கேள்விக்கு 'இல்லை' என்று எழுதிக் கொடுத்தேன். ஸ்டோர் அம்மா என் கையைப் பிடித்தாள். 'இருக்கிறது' என்றே எழுதியிருக்கலாம், ஆனால் இனி எதிலும் பொய்க் கையெழுத்துப் போட எனக்குத் தெம்பு இல்லை.

ஏப்ரல் 13, திங்கள்

மடிப்பைப் போகச் சொல்லிவிட்டேன். ஆஸ்பத்திரித் துணி இனி போகப்போகிற ஒரு பெரிய சலவைக்கடையில் சேர்த்துக்கொள்கிறார்களாம். இஸ்திரி மேஜையின் மேல் விரித்திருந்த கம்பளியை எடுத்து நான்காக மடித்து, நீவி, மூலையில் வைத்துவிட்டுப் போனார். "நீங்களும் வாங்கம்மா. அங்கே அலசத் தெரிஞ்சவங்க இல்லையாம்" என்றார் வாசலில் நின்று. எனக்குச் சிரிப்பு வந்தது. முதலாளியம்மா.

ஏப்ரல் 15, புதன்

தூசி வந்தார். அவரும் கல் படித்த பெண்ணும் பேசி ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறார்கள். குழியின் அடியில் ஜல்லியும் களிமண்ணும் போட்டு, மேலே சிமென்ட் ஊற்றி அடைக்கலாம். கீழே போகிற தண்ணீர் நின்றுவிடும்.

"இருநூறு அடி வரைக்கும் அடைச்சா போதும்க்கா. மேல நூத்தி நாப்பதுல உங்க ஒரு இஞ்ச் திரும்ப வர வாய்ப்பு இருக்கு. கடையைத் திறந்துடலாம்."

என் மனசு எப்படித் துள்ளியது என்பதை எழுதாமல் விட்டால் இந்த நோட்டுக்கு அர்த்தம் இல்லை. துள்ளியது. ஒரு மெஷின் ஓடுகிற சத்தம்கூடக் கேட்டுவிட்டது.

பிறகு அந்தப் பெண்ணுக்குப் போன் செய்து கேட்டேன். தட்டில் இப்போது எவ்வளவு மிச்சம்? நானும் எடுத்தால் கிணறு வருமா? "ரெண்டு நல்ல மழை பெய்யணும் ஆன்ட்டி. அதுவரைக்கும் ஒருத்தருக்கே போதாது" என்றாள்.

தூசியிடம் சொன்னேன், மேல் வரை அடைத்துவிடச் சொல்லி. அவர் என்னைப் பேந்தப் பேந்தப் பார்த்தார்.

"தரைமட்டம் வரைக்குமா? அப்புறம் இதுல எதுவுமே எடுக்க முடியாதுக்கா."

"தெரியும். நோட்டைக் குடுங்க, கையெழுத்துப் போடணும்ல?"

ஏப்ரல் 18, சனி

அடைத்தாயிற்று. களிமண்ணை உருண்டையாக உருட்டிக் காயவைத்துப் போட்டார்கள். நானும் உட்கார்ந்து உருட்டினேன். முந்நூறு உருண்டைக்கு மேல் இருக்கும், எண்ணவில்லை. சிமென்ட் ஊற்றுவதற்கு முன் தூசி எல்லோரையும் பேசாமல் இருக்கச் சொல்லிவிட்டு என்னைக் கூப்பிட்டார். குழாயில் காதை வைத்தேன்.

ஒன்றும் கேட்கவில்லை.

அப்போதுதான் அழுதேன். இத்தனை நாள் வராத அழுகை, ஆட்கள் எல்லோரும் பார்க்க, மூக்கில் களிமண்ணோடு. சுவருக்கு அந்தப் பக்கம் ஜன்னல் திறக்கவில்லை.

ஏப்ரல் 29, புதன்

பெரிய சலவைக்கடையில் சேர்ந்துவிட்டேன். அலசல் பகுதி. முதல் மூட்டையைப் பிரித்தால் பிரசவ ஆஸ்பத்திரியின் நீலத் தையல். சிவப்பு உட்கார்ந்துபோன விரிப்புகள், எவளோ வெந்நீரில் போட்டிருக்கிறாள். திட்டிக்கொண்டே அலசினேன். இங்கே தண்ணீர் கொட்டுகிறது. எங்கிருந்து வருகிறது என்று யாரும் கேட்பதில்லை. நானும் கேட்கவில்லை.

மே 6, புதன்

கிணற்று அளவைத் தினமும் எடுக்கச் சொல்லி நாத்தனாரிடம் அந்தப் பெண் சொல்லியிருக்கிறாள். நாத்தனார் அளந்து அவளுக்குப் போனில் சொல்கிறாள், அவள் எனக்குச் சொல்கிறாள். இருபதடி தள்ளி இருக்கிற கிணற்றின் சேதி ஊரைச் சுற்றிக்கொண்டு வருகிறது. இன்றைக்கு: அடியில் ஈரம். அவ்வளவுதான்.

மே 17, ஞாயிறு

ஈரம்தான்.

மே 24, ஞாயிறு

தெருவில் எதிரே வந்தாள். நான் நின்றேன். அவள் கடந்து போனாள், தெரியாதவரைக் கடப்பது போலக்கூட இல்லை, கம்பத்தைக் கடப்பது போல. முறைத்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

வீட்டுக்கு வந்து அவர் போட்டோவுக்கு முன் உட்கார்ந்து, உங்க தங்கச்சிகிட்ட நீங்களாவது சொல்லுங்களேன் என்றேன். என்ன சொல்வார்? நீ பண்ணினதுக்கு நான் என்னடி சொல்றதுன்னு கேட்பார். சரிதானே. நான்தானே பண்ணேன். வேற யாரு பண்ணா?

ஜூன் 8, திங்கள்

மழை. மூன்று மணி நேரம். எல்லோரும் ஜன்னலைச் சாத்துகிறார்கள், நான் வாசலில் நின்று மண்ணுக்குள் போ, போ என்று விரட்டிக்கொண்டிருந்தேன். சாக்கடைக்குத்தான் பாதி போனது.

ஜூன் 16, செவ்வாய்

இரண்டாவது மழை. அந்தப் பெண் போன் செய்தாள்: கிணற்றில் ஒன்றரை அடி நிற்கிறதாம். போனை வைத்த பிறகும் காதிலிருந்து எடுக்கத் தோன்றவில்லை.

ஜூன் 28, ஞாயிறு

கிணறு நான்கே கால் அடி.

காலையில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். சுவருக்கு மேல் தலை தெரிந்தது. நாத்தனார் ஸ்டூலில் ஏறி நின்றாள். எடுத்த எடுப்பில் ஆரம்பித்தாள்.

"நாலே கால் அடி வந்துடுச்சுன்னு நான் மறந்துட்டேன்னு நினைக்காதீங்க!"

கல்யாணத்தன்று நான் அவளுக்குக் கொடுத்த புடவையின் நிறத்திலிருந்து ஆரம்பம். அவள் அண்ணனை நான் ஒரு நாளாவது பேசவிட்டேனா? ஆயிரம் கன்று, அதில் முந்நூறு விதையிலிருந்து வளர்த்தது, எது எது என்று பேர் சொல்லிச் சொல்லித் திட்டினாள். தெருவில் இரண்டு பேர் நின்று கேட்டார்கள். கேட்கட்டும். எது போதும் என்றே எனக்குத் தெரியாதாம், பேராசை பிடித்தவளாம், குழியை அடைத்துவிட்டால் பெரிய தியாகி ஆகிவிடுவேனா? யாரைக் கேட்டு மொத்தத்தையும் அடைத்தேனாம்? பிழைப்புக்கு என்ன செய்வேன் என்று ஒரு வார்த்தை யோசித்தேனா? யார் வீட்டிலோ போய் அலசிக்கொண்டு, கையைப் பாருங்கள், கையைத் தூக்கிக் காட்டுங்கள், எப்படி வெளுத்துக் கிடக்கிறது, வெட்கமாக இல்லையா?

நான் ஈரத் துணியைப் பிடித்தபடி நின்றேன். அரை மணி நேரம் இருக்கும். நடுவில் ஒரு தரம் மூச்சு வாங்க நிறுத்தினாள். முடிந்துவிட்டதோ, இறங்கிப் போய்விடுவாளோ என்று எனக்குப் பதறியது.

போகவில்லை. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "எங்க நகர்றீங்க? நில்லுங்க, நான் முடிக்கல" என்றாள்.

நின்றேன்.